ஏற்ற பதவியா, துறந்த பதவியா?

நடுவர் அவர்களே! அருட்தந்தை ராபர்ட் ட்ரைனனின் பெருமை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் போனதிலா, அதை விட்டு வந்ததிலா என்பது நமது வழக்கு. 1980இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், குருக்கள் தேர்தல் பதவியில் இருக்கக் கூடாது என்றதும் மறுபேச்சின்றி விலகினாரே, அதுவல்லவா துறவு என்று உருகினார் எதிரணி அம்மையார். நானும் கைதட்டினேன். ஆனால் அம்மா, துறப்பதற்குக் கையில் முதலில் ஒன்று இருக்க வேண்டாமா?

அது சும்மா வந்ததா? இயேசு சபைக் குருவான அவர் பாஸ்டன் கல்லூரிச் சட்டப் பள்ளியின் தலைவராக இருந்தவர். 1970இல் வியட்நாம் போரை எதிர்த்துக் களமிறங்கினார். எதிரே நின்ற பிலிப் பில்பின் 28 ஆண்டு உறுப்பினர். அதுவும் சொந்தக் கட்சிக்காரர்! வேட்பாளர் தேர்விலேயே அவரைச் சாய்த்துவிட்டு, குருவுக்குரிய வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு அவைக்குள் நுழைந்தார்.

1973 ஜூலை 31. எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த திருட்டை மறைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் அதிபர் நிக்சன் திணறிக்கொண்டிருந்தார். பதவி நீக்கம் என்ற பேச்சை எல்லாரும் மென்று விழுங்கினார்கள். அந்த நேரத்தில் அவரை நீக்கும் தீர்மானத்தைத் துணிந்து வைத்தவர் நம் சாமியார்தான். கம்போடியா மீது நாட்டுக்கே தெரியாமல் குண்டு பொழிந்தது அவரை அவ்வளவு உறுத்தியது. அவசரப்படுகிறார் என்று சொந்தக் கட்சித் தலைவர்களே முகம் சுளித்தார்கள். மறு ஆண்டு, பதவி நீக்கத்தை விசாரித்த அவையின் நீதிக் குழுவில் கம்போடியா குற்றச்சாட்டு 26க்கு 12 என்று தோற்றது.

தோற்றதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. திருட்டை மறைத்தால் பதவி போகும், குண்டுவீச்சை மறைத்தால் போகாதா? இதைக் கோயில் பிரசங்கத்தில் கேட்டிருந்தால் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். குழுவில் வந்ததால் 38 பேரும் ஆளுக்கொரு பதில் சொல்லித் தீரவேண்டியதாயிற்று.

கருக்கலைப்பு விஷயத்தில் திருச்சபைக்கு மாறாக வாக்களித்தாரே என்று எதிரணி மடக்கும். வாக்களித்தார், மறைக்கவில்லை. அவர் அதைப் பாவம் என்றுதான் நம்பினார். பாவத்தையெல்லாம் சட்டம் தண்டிக்க வேண்டியதில்லை என்றார். அந்தக் கணக்கு எனக்கும் முழுதாக ஒத்துவரவில்லை. ஆனாலும் தொகுதி மக்கள் அவரை மறுபடி மறுபடி அனுப்பினார்கள்.

விலகியபின் என்ன செய்தார்? ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தார், 2007இல் மறையும்வரை. நல்ல பணிதான். ஆனால் வகுப்பறையை விடச்சொல்லி ரோமிலிருந்து உத்தரவு எதுவும் வரவில்லையே! எந்த நாற்காலிக்குக் கனம் அதிகம் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, நடுவர் அவர்களே, எதிரணிக்குத்தான் தெரியவில்லை.