காற்றுக்கு முன் பெட்ரோலைக் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி, பொருத்திய பெட்ரோல் காரின் வலிமையைக் கூட்ட விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது பூஸ்ட் பற்றித்தான். டர்போ ஏற்றும் காற்றழுத்தம்தான் பூஸ்ட். இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்பார்கள். ஏற்றுகிற காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் போய்ச் சேருமா என்று கேட்பவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். நிதானமாக ஓடும்போது இன்ஜின் இந்தக் கணக்கை ஒட்டியே போகும். டர்போ முழு மூச்சில் காற்றைத் திணிக்கும்போது அது போதாது. அப்போது 11.5 முதல் 12.5 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று கலவையைச் செறிவாக்குவோம். அந்தக் கூடுதல் பெட்ரோலின் முக்கிய வேலை எரிவது அல்ல. ஆவியாகி, சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்வது. சூடு தணியாவிட்டால், ஸ்பார்க் மூட்டிய தீ பரவி முடிப்பதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். நாக்கிங் என்கிறோமே, அது இதுதான். வெளியே கேட்பது மெல்லிய தட்டல் ஓசை. பிஸ்டன் மீது விழுவது சம்மட்டி அடி.

ஒருமுறை ஒரு காரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் ஊசிமுனை அளவில் பளபளக்கும் புள்ளிகள். அலுமினியம்! பிஸ்டன் உருகி அங்கே வந்து ஒட்டியிருந்தது. கார் அதுவரை நன்றாகவே ஓடியதாக உரிமையாளர் சொன்னார். காரணத்தைத் தேடிப் போனால், பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் சிறிய ரப்பர் குழாய் பிளந்து கிடந்தது.

அந்தக் குழாயைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இந்த வகை இன்ஜினில் இன்ஜெக்டர் என்ற முனை பெட்ரோலைப் பீய்ச்சுவது, காற்று உள்ளே வரும் இன்டேக் பாதைக்குள். அங்கே டர்போ 1 பார் அழுத்தம் ஏற்றினால், அது பெட்ரோலை எதிர்த்து நிற்கும். ஆகவே பெட்ரோலின் அழுத்தமும் 3 பாரிலிருந்து 4 பாராக உயர வேண்டும். அதை ரெகுலேட்டருக்கு உணர்த்துவது அந்தக் குழாய்தான். அது போய்விட்டால் பெட்ரோலைத் தள்ள மிஞ்சுவது 2 பார். பாய்வு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே பெட்ரோல் 18 சதவீதம் குறைகிறது. 12 என்று அமைத்த கலவை முழு பூஸ்ட்டில் 14.7-க்குப் போய்விடும். பிஸ்டன் உருகாமல் என்ன செய்யும்?

அடுத்தது இன்ஜெக்டர். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு இன்ஜினுக்குக் கிடைப்பது 20 மில்லி விநாடி. அதில் 16 மில்லி விநாடி, அதாவது 80 சதவீதம் வரை இன்ஜெக்டர் திறந்திருக்கலாம். அதற்கு மேல் போனால் மூடவே நேரமில்லாமல், அளவு நம் கையை விட்டுப் போய்விடும். நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜினில் 300 குதிரைத்திறன் வேண்டுமென்றால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 570 மில்லிலிட்டர் தரக்கூடியதாக இருக்க வேண்டும். பெரிய இன்ஜெக்டரை மாட்டினால் அதன் அளவையும், மின்சாரம் கிடைத்த பின் அது திறக்க எடுக்கும் தாமதத்தையும் இன்ஜினை இயக்கும் கணினியான இசியுவில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் கார் நிற்கும்போது மெதுவாக ஓடும் ஐடிலிலேயே இன்ஜின் திணறும்.

டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மெல்லிய ஒயரை அப்படியே விடுகிறவர்கள் உண்டு. பம்பின் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்தும் பம்புக்கு 11.5 தான் வந்தால், புதுப் பம்பும் கைவிட்டுவிடும். தடித்த ஒயரும், பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் தரும் சுவிட்சான ஒரு ரிலேயும் போதும்.

1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரில் நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். அந்தத் திரவம் தீர்ந்தால் பூஸ்ட்டை மட்டுப்படுத்தும் ஏற்பாட்டையும் கூடவே வைத்திருந்தார்கள். அந்தப் பொறியாளர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

சோதனையைச் சாலையில் செய்யாதீர்கள், காரை நிறுத்திய இடத்திலேயே ஓட்டி வலிமையை அளக்கும் டைனோவில் செய்யுங்கள். சாதாரண ஆக்சிஜன் சென்சார் கலவை 14.7-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். கலவை எத்தனை என்று எண்ணிலேயே காட்டும் வைட்பேண்ட் சென்சார் கட்டாயம் வேண்டும். குறைந்த பூஸ்ட்டில் தொடங்கி, சுற்று ஏற ஏற அது காட்டும் கலவை அளவையே பாருங்கள். அந்த அளவு 12.5-ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால், அந்த நொடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.