எபியூசியோஸ்: ஜெபத்தில் ஒரு பெயரடை

நேயர்களுக்கு வணக்கம். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.' கர்த்தருடைய ஜெபத்தின் இந்த வரியில் 'வேண்டிய' என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்பது 'எபியூசியோஸ்' என்ற பெயரடை. மத்தேயு 6:11, லூக்கா 11:3 தவிர புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது கிடையாது. அறிஞர்களும் சரி, சாதாரண மக்களும் சரி, இப்படியொரு சொல்லைப் புழங்கவில்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கியிருக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தில் எழுதிய இறையியல் அறிஞர் ஓரிகேன் எழுதிவிட்டார்.

தமிழில் 'நல்ல' என்பது மகனுக்கும் மகளுக்கும் மாறுவதில்லை. கிரேக்கப் பெயரடையோ தான் சேரும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் இசைய வேண்டும். 'ஆர்ட்டோஸ்', அதாவது அப்பம், ஆண்பால் ஒருமை. இங்கே இரண்டாம் வேற்றுமை. அதனால் 'டொன் ஆர்ட்டொன் ஹேமோன் டொன் எபியூசியொன்' என்று வருகிறது. 'டொன்' என்ற சார்படை (ஆங்கில 'the' போன்றது) இரண்டு தடவை வருவதைக் கவனியுங்கள். 'எங்கள் அப்பத்தை, அந்த எபியூசியோஸ் அப்பத்தை' என்று நிறுத்திக் கேட்கிற தொனி அது.

சரி, பொருள் என்ன? 'மேல்' என்ற பொருள் தரும் 'எபி' என்ற முன்னொட்டோடு 'ஊசியா' சேர்ந்தது என்பது ஒரு கருத்து. ஊசியா என்றால் உள்பொருள். பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் மத்தேயுவில் 'பொருளுக்கு மேலான அப்பம்' என்று எழுதியது இதை வைத்துத்தான். லூக்காவில் அவரே 'அன்றாட' என்று விட்டிருக்கிறார். ஆனால் அப்படிப் புணர்ந்தால் 'எபி'யின் கடைசி இகரம் வழக்கமாகக் கெட்டுவிடும். இங்கே கெடவில்லை. 'வரும் நாளுக்கான' என்பது இன்னொரு கருத்து. அப்போஸ்தலர் 16:11-இல் 'மறுநாளிலே' என்பதற்கு 'எபியூசே' என்று இருக்கிறது. அங்கும் இகரம் நிற்கிறது. பைபிளில் சேராத பழைய நூலான எபிரெயர் சுவிசேஷத்தில் இந்த இடத்தில் 'மாஹார்', அதாவது நாளை, என்று பார்த்ததாக ஜெரோமே குறித்திருக்கிறார்.

எகிப்தின் ஹவாராவில் கிடைத்த ஒரு பழைய செலவுக் கணக்கில் இந்தச் சொல் இருப்பதாக 1889-இல் வெளியிட்டார்கள். அப்புறம் அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) தொலைந்துபோய், 1998-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. மறுபடி வாசித்தால் அங்கே இருந்தது எண்ணெயைக் குறிக்கும் 'எலாயு'. ஆக, அந்தச் சான்றும் போயிற்று.

எனக்கு 'வரும் நாளுக்கான அப்பம்' என்பதே சரியாகப் படுகிறது. 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்ற மத்தேயு 6:34-க்கு இது முரண் என்பார்கள். நாளைக்கு உள்ளதைப் பிதாவிடம் இன்றே கேட்டுவிட்டவனுக்குத்தானே அந்தக் கவலை விடும்? லூக்காவின் வினையையும் பாருங்கள். மத்தேயுவில் 'டோஸ்': இன்று கொடும். லூக்காவில் 'டிடூ': கொடுத்துக்கொண்டே இரும். அடுத்த நாளுக்கானதை அன்றன்றும் கொடுத்துக்கொண்டே இரும் என்று அந்த வரி தடையில்லாமல் ஓடுகிறது.