இரண்டு ரயில்களுக்கு நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பெருநகரத்தில் மெட்ரோவை விரிவாக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிலையம்? செய்தியின் தலைப்பும் அதுவாகத்தான் இருக்கும். வரைபடத்தில் ஒரு புதுக் கோடு வரும், அதற்குப் புது நிறம் ஒன்று கொடுப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரயிலை அன்றாடம் ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒரு ரயில் போனபின் அடுத்தது வந்து நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்பதில்தான் அவர்கள் கவனம் இருக்கும். இன்றைக்கு அந்த விநாடிக் கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

கணக்கு எளிது. 3 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 20 ரயில். 2 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 30. சுரங்கம் அதேதான், நடைமேடையும் அதேதான், போய்ச்சேரும் ஆட்கள் மட்டும் ஒன்றரை மடங்கு. லண்டனின் விக்டோரியா தடம் 1968-இல் திறக்கப்பட்டது. சிக்னலையும் ரயில்களையும் மாற்றிய பிறகு, 2017 முதல் அங்கே நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 ரயில்கள் ஓடுகின்றன. அதாவது 100 விநாடிக்கு ஒன்று. இதற்காக அவர்கள் ஒரு புதிய சுரங்கமும் தோண்டவில்லை.

இது எப்படி முடிகிறது? பழைய சிக்னல் முறையில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு துண்டில் ஒரு ரயில் இருக்கும்வரை பின்னால் வருவது உள்ளே நுழையக் கூடாது. ஓர் அறையில் ஒருவர் இருக்கிறார், அவர் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாலும் அடுத்தவர் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பதுபோல. முன்னே போகும் ரயில் அந்தத் துண்டின் கடைசி முனையில் இருந்தாலும் பின்னால் வருவதற்கு அது தெரியாது. துண்டு காலியா, இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். புதிய முறையில் ஒவ்வொரு ரயிலும் தான் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று ரேடியோ வழியே விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பின்னால் வருவது முன்னால் போவதன் வாலைப் பார்த்து, பாதுகாப்பாக பிரேக் போட்டு நிற்கும் தூரத்தை மட்டும் விட்டு, நெருங்கிப் போகலாம். அந்தத் தூரமும் வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும்.

சரி, சிக்னலை மாற்றிவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. இரண்டு நிலையங்களுக்கு நடுவில் மிச்சம் பிடித்த நேரத்தை நடைமேடையில் தொலைத்துவிடலாம். ரயில் வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது. இறங்குகிறவர்கள் இறங்குவதற்குள் ஏறுகிறவர்கள் முட்டுகிறார்கள். ஒருவரின் பை கதவில் மாட்டிக்கொள்கிறது, கதவு மறுபடி திறந்து மூடுகிறது. 30 விநாடியில் கிளம்ப வேண்டிய ரயில் 50 விநாடி நின்றால், பின்னால் வருவது சுரங்கத்துக்குள் காத்து நிற்கும். அதற்குப் பின்னால் வருவதும் அப்படியே. அதனால்தான் புதிய ரயில் வாங்கும்போது இருக்கையின் நிறத்தைவிடக் கதவின் அகலம் முக்கியம். ஒரு பக்கத்தில் எத்தனை கதவு, பெட்டிகளுக்கு நடுவே நடந்து போக வழி இருக்கிறதா, எஸ்கலேட்டர் நடைமேடையின் எந்த முனையில் வந்து முடிகிறது, இதெல்லாம் விநாடிகள்தான். எஸ்கலேட்டர் ஒரு மூலையில் இருந்தால் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கத்துப் பெட்டிகளிலேயே அடைந்துவிடும்.

அப்புறம் கடைசி நிலையம். யாரும் கவனிக்காத இடம் இது. தடம் முடிகிற நிலையத்தில் ரயில் திசை மாறித் திரும்ப வேண்டும். வருகிற ரயிலும் போகிற ரயிலும், ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு மாற வைத்திருக்கும் ஒரே குறுக்குத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். ஒன்று கடக்கும்போது மற்றது நிற்கும். ஓட்டுநர் இறங்கி, ரயிலின் முழு நீளத்தையும் நடந்து மறுமுனைக்குப் போக வேண்டும். 200 மீட்டர் நீள ரயில் என்றால் அதற்கே இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். 100 விநாடிக் கணக்கில் இதற்கு எங்கே இடம்? அதனால் பல நகரங்களில் இன்னொரு ஓட்டுநர் நடைமேடையின் மறுமுனையில் தயாராக நின்றுகொண்டிருப்பார். ரயில் வந்து நின்றதும் அவர் ஏறிக்கொள்வார். ஓட்டி வந்தவர் நிதானமாக நடந்துபோய் அடுத்த ரயிலுக்காக நிற்பார். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, ஆள் ஏற்பாடுதான். விக்டோரியா தடத்திலும் வால்தம்ஸ்டோ என்ற கடைசி நிலையத்தின் குறுக்குப் பாதையை ரயில்கள் வேகமாகக் கடக்க முடியாமல் இருந்தது. 2015 ஆகஸ்டில் தடத்தின் அந்த முனையைச் சுமார் மூன்று வாரம் மூடி, அதை மாற்றிப் போட்டார்கள். அதன் பிறகுதான் 36 என்ற எண்ணிக்கை கைக்கு எட்டியது.

இந்த வேலைகளுக்கு ஒரு குறை உண்டு. திறப்புவிழா வைக்க முடியாது. குறுக்குத் தண்டவாளத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? நியூயார்க்கைப் பாருங்கள். 2017 ஜனவரி 1-ஆம் தேதி, பல தலைமுறைகளாகப் பேசப்பட்டுவந்த இரண்டாம் அவென்யூ சுரங்க ரயில் திறக்கப்பட்டது. மூன்று புதிய நிலையங்கள், சுமார் 450 கோடி டாலர். அதே ஆண்டு ஜூன் மாதம், ரயில்கள் தாமதமாகி, பழுதாகி நின்றதால், அதே சுரங்க ரயில் அமைப்புக்கு மாநில ஆளுநர் அவசர நிலை அறிவித்தார். அந்த அமைப்பில் 1930-களில் பொருத்திய சிக்னல் கருவிகள் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தன. புதிய நிலையங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பகுதி மக்களுக்கு அவை தேவைப்பட்டவைதான். ஆனால் ஆறு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பணம் எந்தப் பக்கம் போயிருக்கிறது, எந்தப் பக்கம் போகவில்லை என்று புரிந்துவிடும்.

பழையதைப் புதுப்பிப்பதில் உள்ள இன்னொரு சங்கடம், ஓடிக்கொண்டிருக்கும் ரயிலை நிறுத்த முடியாது. வேலை முழுவதும் இரவில். பாரிஸ் மெட்ரோவின் முதல் தடம் 1900-இல் திறந்தது, நகரத்தில் மிகவும் நெரிசலான தடங்களில் ஒன்று. அதை ஓட்டுநர் இல்லாத தானியங்கித் தடமாக மாற்ற முடிவு செய்தார்கள். நீண்ட காலம் மூடிவைக்காமலே மாற்றினார்கள். அங்கே வார நாட்களில் இரவு ஒன்றேகால் வாக்கில் கடைசி ரயில் போகும், காலை ஐந்தரைக்கு முதல் ரயில். நடுவில் கிடைப்பது நாலு மணி நேரம் சொச்சம். அதிலும் மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியாயிற்று என்று உறுதிசெய்து, ஆட்கள் பாதையில் இறங்க நேரம் போகும். காலையில் கருவிகளை எண்ணிப் பார்த்து, பாதை காலி என்று எழுதிக் கொடுத்து, மறுபடி மின்சாரம் விட நேரம் போகும். உண்மையில் கையில் இருப்பது மூன்று மணி நேரம்கூட இருக்காது. நடைமேடை ஓரத்தில் தானியங்கிக் கதவு வைக்க வேண்டுமென்றால் பழைய நடைமேடையின் விளிம்பு அந்த எடையைத் தாங்காது. முதலில் அதைப் பலப்படுத்த வேண்டும். பிறகு கதவுகளைத் தண்டவாளத்தின் வழியே கொண்டுவந்து இறக்கிப் பொருத்த வேண்டும். விடிந்ததும் ஆயிரக்கணக்கான பேர் அந்த விளிம்பில் வந்து நிற்பார்கள், எதுவும் அரைகுறையாக இருக்கக் கூடாது. 25 நிலையங்களிலும் இப்படித்தான் செய்தார்கள். 2011 நவம்பரில் முதல் தானியங்கி ரயில்கள் ஓடத் தொடங்கின. ஓட்டுநர் ஓட்டும் ரயிலும் ஓட்டுநர் இல்லாத ரயிலும் ஒரே பாதையில் ஓராண்டுக்கும் மேல் கலந்து ஓடி, 2012 இறுதியில் மாற்றம் முடிந்தது.

புதிதாகக் கட்டுவது எளிது என்று இதை வைத்து நினைத்துவிட வேண்டாம். லண்டனின் எலிசபெத் தடத்தின் சுரங்கங்களை 2015-இலேயே தோண்டி முடித்துவிட்டார்கள். 2018 டிசம்பரில் திறப்பதாக இருந்தது. திறந்தது 2022 மே மாதத்தில். நகர மையத்தில் ஒரு சிக்னல் முறை, இரு பக்கப் புறநகர்ப் பாதைகளில் வேறு வேறு முறைகள். ஒரே ரயில் ஓடும்போதே மூன்றுக்கும் மாறிக்கொள்ள வேண்டும். அந்த மென்பொருளைச் சரிசெய்வதும் நிலையங்களை முடிப்பதுமாக வருடங்கள் போயின. மண்ணைத் தோண்டுவதுதான் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம், அது பாதி வேலைதான்.

புதிய தடம் எங்கே வேண்டும்? இதில் பொதுவாக ஒரு தவறு நடக்கிறது. நகரம் வளர வளர, இருக்கிற தடத்தையே வெளியே நீட்டிக்கொண்டு போவார்கள். நீட்டிய இடத்தில் இருப்பவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். ரயில் உள்ளே வரும்போதே நிரம்பிவிடும். பத்துப் பதினைந்து வருடமாக அதே ரயிலில் போய்க்கொண்டிருந்த உள்நகரத்துக்காரர் நடைமேடையில் நின்று கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீட்டுவதற்கு முன் அந்தத் தடத்தின் சுமையைப் பகிர்ந்துகொள்ள இன்னொன்று வேண்டும். பாரிஸில் 1998-இல் 14-ஆம் தடம் வந்ததே பக்கத்தில் திணறிக்கொண்டிருந்த புறநகர் ரயிலுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கத்தான். இன்னொரு வழி வளையம். புறநகர் ஒன்றிலிருந்து பக்கத்துப் புறநகருக்குப் போகிறவர் எதற்காக மையத்துக்கு வந்து மாற வேண்டும்? மாஸ்கோ 2023 மார்ச்சில் சுமார் 70 கிலோமீட்டர் நீளப் பெருவளையத்தை முடித்தது. பாரிஸைச் சுற்றி சுமார் 200 கிலோமீட்டருக்குப் புதிய தடங்கள் கட்டப்பட்டுவருவதும் இதே எண்ணத்தில்தான்.

இனி டிராம், அதாவது சாலையிலேயே தண்டவாளத்தில் ஓடும் ரயில். இதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பலருக்கு இது பழம்பொருள். பாரிஸ் 1930-களின் இறுதிக்குள் டிராம்களை ஒழித்துக்கட்டியது, 1992-இல் மறுபடி கொண்டுவந்தது. அதற்கு முன்பே 1985-இல் நாந்த், 1987-இல் கிரெனோபிள் என்ற பிரான்ஸ் நகரங்கள் வழிகாட்டின. டிராமுக்குச் சுரங்கம் வேண்டாம், செலவு மெட்ரோவில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அதன் விநாடிகளைத் திருடுவது சாலைச் சிக்னலும் கார்களும். உலகிலேயே பெரிய டிராம் வலை மெல்போர்னில் இருக்கிறது, சுமார் 250 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதியைக் கார்களோடு பகிர்ந்துகொள்கிறது. புதுப்புது டிராம் வாங்கினாலும் முன்னால் ஒரு கார் வலப்பக்கம் திரும்பக் காத்து நின்றால், டிராமும் பின்னாலேயே நிற்க வேண்டியதுதான்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மக்கள் இந்த விஷயத்தைத் தெளிவாகப் பார்த்தார்கள். டிராமை நிலத்தடிக்குக் கொண்டுபோகலாம் என்ற திட்டத்தை 1962-இல் வாக்களித்து நிராகரித்தார்கள். 1973-இல் சுரங்க ரயில் திட்டத்தையும் நிராகரித்தார்கள். 1977-இல், மேலே ஓடும் டிராமையும் பேருந்தையும் விரைவாக்க 20 கோடி பிராங்க் ஒதுக்க வாக்களித்தார்கள். டிராம் சந்திப்பை நெருங்குவது தெரிந்ததும் சிக்னல் அதற்குத் தக்கபடி மாறும். டிராம் வந்து நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நிலத்தடியில் கொட்டியிருக்க வேண்டிய பணத்தில் ஒரு சிறு பகுதிதான் இது. கார் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்று வாக்குச்சீட்டில் சம்மதிப்பது எல்லா நகரத்திலும் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

டிராம் பாதை போடுவது சாலையில் தண்டவாளம் பதிப்பதுதானே என்று நினைத்தால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தைக் கேளுங்கள். தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் முதலில் நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் நாளைக்கு ஒரு குழாய் உடைந்தாலும் டிராமை நிறுத்தித்தான் தோண்ட வேண்டியிருக்கும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வரைபடம் சொல்வதும் மண்ணுக்குள் இருப்பதும் பல சமயம் ஒத்துப்போகாது. அங்கே பழைய இடுகாடு ஒன்றின் எலும்புக்கூடுகள்கூட வெளியே வந்தன. ஒப்பந்தத் தகராறுகளும் சேர்ந்துகொண்டன. 2011-இல் ஓட வேண்டிய டிராம் 2014 மே மாதம்தான், அதுவும் திட்டமிட்டதைவிடக் குறைந்த தூரத்துக்கு, ஓடியது. செலவு 77 கோடி 60 லட்சம் பவுண்டு. விட்டுப்போன பகுதியைப் பிறகு கட்டியபோது, ஒரு இடத்தைத் தோண்டினால் எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் மூடுவது என்று வைத்துக்கொண்டார்கள். அது 2023 ஜூனில் திறந்தது.

டிராமிடமிருந்து மெட்ரோ கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தாழ்தளம். கிரெனோபிளில் மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் விடாமல் வற்புறுத்தியதால் தாழ்தள டிராம் வந்தது. நடைமேடையும் டிராமின் தரையும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தாமாகவே உள்ளே உருளும். யாரும் பலகை போட வேண்டாம். பலகை எடுத்துப் போட்டு, ஏற்றி, மறுபடி மடக்கி வைக்க ஒன்றிரண்டு நிமிடமாவது ஆகும், 100 விநாடிக்கு ஒரு ரயில் ஓடும் தடத்தில் அது நடக்கிற காரியமா? ஆனால் பழைய மெட்ரோக்களில் பல நிலையங்கள் வளைவில் இருப்பதால் ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். மேலிருந்து கீழே வரவே லிஃப்ட் இல்லாத நிலையங்களும் ஏராளம். லண்டனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில்தான் படி ஏறாமல் போய்வர முடியும். இருக்கிற நிலையத்துக்குள் லிஃப்டுக்கு ஒரு குழி தோண்டுவது, மேலே இருக்கும் கட்டடத்தையும் கீழே இருக்கும் குழாய்களையும் பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலை. ஒரு நிலையத்துக்கே வருடக்கணக்கில் இழுக்கும்.

மட்டம் சரியாக இருந்தாலும் அது அப்படியே நிற்பதில்லை. ஓட ஓடச் சக்கரம் தேயும். தேய்ந்தால் ரயிலின் தரை நடைமேடையைவிடச் சில சென்டிமீட்டர் தாழும். அதைச் சரிக்கட்டப் பணிமனையில் தகடு வைத்துத் தரையை உயர்த்துவார்கள். இந்த வேலைக்கு ஆளும் பணமும் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று திட்ட அறிக்கையில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது கடைசிப் பக்கங்களில், சின்ன எழுத்தில் இருக்கும்.

நன்றி. வணக்கம்.