திரைக்குள் வந்த கை

(திரைப்படச் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது நாற்பது பக்க நோட்டு, கோடு போடாதது. நேற்று ராத்திரி உட்கார்ந்து, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு குச்சி மனிதனை வரைந்தேன். மொத்தம் இருபது தாள், இருபது படம். கட்டைவிரலால் தாள்களை வளைத்துப் பிடித்து விட்டால், இதோ, சர்ரென்று ஓடும். ஆள் குனிகிறான், குதிக்கிறான், விழுகிறான். அவ்வளவுதான், இரண்டு நொடி. வரைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பதினோராவது தாளில் அவனுக்கு இடது கை போட மறந்துவிட்டேன். ஓடும்போது அந்த இடத்தில் கை பொசுக்கென்று மறைந்து திரும்ப வருகிறது. நோட்டை முன்வரிசையில் கொடுக்கிறேன், பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். எட்டாம் வகுப்பில் இதே வேலையைக் கணக்கு நோட்டில் செய்து அடி வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு மைக் கொடுத்துப் பேசச் சொல்கிறீர்கள்.

அனிமேஷனை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் பாதிப் பேர் வால்ட் டிஸ்னி என்பார்கள். மிக்கி மவுஸ் நீராவிப் படகில் விசிலடித்துக்கொண்டு நியூயார்க் திரையரங்குக்கு வந்தது 1928 நவம்பரில். அதற்கு முப்பத்தாறு வருஷம் முன்பே பாரிஸில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு, ஓடும் சித்திரங்களைத் திரையில் காட்டிவிட்டார். லூமியேர் சகோதரர்கள் சினிமாக் காட்சி நடத்தியது 1895 டிசம்பர் 28. இவர் காட்டியது 1892 அக்டோபர் 28. சினிமாவின் தொடக்கம் என்று பலரும் சொல்கிற அந்தக் காட்சிக்கு மூன்று வருஷம் மூத்தது கார்ட்டூன்!

அவர் பெயர் எமில் ரேனோ. 1844இல் பிறந்தவர். அம்மா நீர்வண்ண ஓவியம் வரைபவர். அப்பாவிடமிருந்து நுட்பமான இயந்திர வேலை வந்தது. இரண்டும் சேர்ந்த பிள்ளை என்ன செய்யும்? 1877இல் ஒரு பொம்மை செய்தது. வட்டமான டப்பா, உள்சுவரில் பன்னிரண்டு படங்கள் கொண்ட காகிதப் பட்டை, நடுவில் பன்னிரண்டு கண்ணாடிகள். டப்பாவைச் சுற்றிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் படம் அசையும். அதற்கு முன்பும் இப்படிச் சுழல் பொம்மைகள் உண்டு. ஆனால் அவற்றில் சின்னச் சின்னப் பிளவுகள் வழியாகத்தான் பார்க்க வேண்டும், படம் மங்கலாகத் தெரியும். ரேனோ பிளவைத் தூக்கிவிட்டுக் கண்ணாடியை வைத்தார், படம் பளிச்சென்று ஆகிவிட்டது. பிராக்சினோஸ்கோப் என்று பெயர். நன்றாக விற்றது.

ஆனால் பன்னிரண்டு படத்தில் என்ன கதை சொல்ல முடியும்? கயிறு தாண்டுகிற சிறுமி தாண்டிக்கொண்டே இருப்பாள். அடுத்த பத்து வருஷம் அவர் பட்டையை நீளமாக்குவதிலேயே குறியாக இருந்தார். ஜெலட்டின் சதுரங்களில் ஒவ்வொரு படமாக வண்ணத்தில் தீட்டி, அவற்றை வரிசையாகக் கோத்து ஒரே சுருளாக்கினார். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு துளை. அந்தத் துளையைச் சக்கரத்தின் முளை பிடித்து இழுக்கும். ‘ஏழை பியரோ’ என்ற படத்துக்கு 500 சித்திரங்கள், சுருளின் நீளம் 36 மீட்டர். ஒரு விளக்கு பின்னணிக் காட்சியைத் திரையில் நிலையாகப் போட, இன்னொரு விளக்கு அதன்மேல் பாத்திரங்களைப் போடும். தோட்டம் அசையாமல் நிற்க, ஆட்கள் மட்டும் நடமாடுவார்கள். பிற்காலத்து ஸ்டூடியோக்கள் வேறு வழியில் பிடித்த உத்தியை இவர் இரண்டு விளக்கை வைத்தே சாதித்துவிட்டார்.

காட்சி நடந்தது பாரிஸின் க்ரெவன் மெழுகுச்சிலைக் கூடத்தில். திரைக்கு முன்னால் கூட்டம், பின்னால் ரேனோ. இரண்டு கையாலும் சுருளைச் சுற்றுவார். மோட்டார் எதுவும் கிடையாது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், மறுபடி முன்னால் விடலாம். ஐந்நூறு படம் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடிய ரகசியம் இதுதான். சுவரேறிக் குதிக்கிற போட்டிக் காதலன் ஆர்லகன், காதல் பாட வந்த பியரோவைத் தடியால் சாத்தும்போது ‘டக்’கென்று சத்தம்கூடக் கேட்கும். அதற்கான மின்தொடர்பு சுருளிலேயே இருந்தது. பியானோ இசை தனியாக. கை வலித்தால் யார் சுற்றுவார் என்று கேட்காதீர்கள். கூடத்தோடு போட்ட ஒப்பந்தப்படி சாதாரண நாளில் ஐந்து காட்சி, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு. மாதம் 500 பிராங்க், வசூலில் பத்து சதவீதம். வேறு எங்கும் காட்டக்கூடாது என்று ஒரு விதியும் உண்டு. அந்த விதிதான் ஆளைக் கட்டிப்போட்டது என்பது என் எண்ணம்.

ஏனென்றால் 1895இல் லூமியேர் காட்சி நடந்த இடம் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். அங்கே காமிரா நிமிடத்துக்கு ஆயிரம் படம் பிடிக்கிறது. இங்கே இவர் ஒரு கதைக்கு மாதக்கணக்கில் வரைகிறார். அவரும் சும்மா இருக்கவில்லை. 1896இல் இரண்டு சர்க்கஸ் கோமாளிகளைப் படம்பிடித்தார். ஆனால் பிடித்ததை அப்படியே ஓட்ட மனம் வரவில்லை. வேண்டிய படங்களைப் பொறுக்கியெடுத்து, கையால் வண்ணம் தீட்டித்தான் காட்டினார். பிடிவாதக்காரர். 1900இல் காட்சிகள் நின்றன. அதற்குள் ஐந்து லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

அப்புறம் நடந்ததைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. 1910களில் ஒரு நாள் கருவியைச் சுத்தியலால் உடைத்தார். சுருள்களைக் கொண்டுபோய் சேன் நதியில் போட்டார். 1918 ஜனவரியில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தார். இரண்டு கதைகள்தான் மிச்சம். ஒன்று பியரோ, மற்றொன்று கடற்கரைக் குளியல் கதை.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம். 1906இல் ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் சாக்பீஸால் முகங்கள் வரைந்து, அவை கண் சிமிட்டிச் சுருட்டு பிடிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தார். அதில் முதலில் தெரிவது பிளாக்டனின் கை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

வின்சர் மக்கே பத்திரிகையில் வாரா வாரம் சித்திரக்கதை போட்டவர். 1911இல் 4,000 படம் வரைந்து முதல் படம் எடுத்தார். அடுத்த வருஷம் ஒரு கொசு. பார்த்தவர்கள் நம்பவில்லை. கம்பி கட்டி இழுக்கிறான் என்றார்கள். ‘அப்படியா, கம்பி கட்டியோ போட்டோ பிடித்தோ காட்டவே முடியாத ஒரு மிருகத்தைக் கொண்டுவருகிறேன்’ என்று டைனோசரைப் பிடித்தார் மனிதர். பெயர் கெர்ட்டி. 1914 பிப்ரவரியில் சிகாகோவில் மேடையேறியது.

மேடையேறியது என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. மக்கே கையில் சாட்டையோடு திரைக்குப் பக்கத்தில் நிற்பார். ‘கெர்ட்டி, வெளியே வா’ என்பார். பாறை இடுக்கிலிருந்து அது தலையை நீட்டும். வணக்கம் வைக்கச் சொன்னால் வைக்கும், திட்டினால் தேம்பி அழும். பார்வையாளர் கண்ணெதிரே ஓர் ஆப்பிளை அதன் பக்கம் வீசுவார். நிஜ ஆப்பிள் அவர் உள்ளங்கையில் ஒளிந்துகொள்ளும், அதே கணம் வரைந்த ஆப்பிள் அதன் வாயில் போய் விழும். கடைசியில் மக்கே திரைக்குப் பின்னால் நடந்து மறைவார். உடனே திரைக்குள் ஒரு குட்டி மக்கே வந்து நிற்பார். கெர்ட்டி அவரைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு போய்விடும். நூறு வருஷத்துக்கு முன்னால் இருட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்தவனை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இதன் பின்னால் இருந்த உழைப்பையும் சொல்லியாக வேண்டும். அரிசித்தாள் என்கிற மெல்லிய காகிதத்தில் ஆயிரக்கணக்கான படங்கள். மூலையில் சிறு சிலுவைக்குறி, அதை வைத்துத்தான் ஒரு தாளின்மேல் அடுத்த தாளைப் பொருத்துவது. நின்று மூச்சு விடுகிற டைனோசரின் வயிறு எவ்வளவு நேரத்தில் ஏறி இறங்க வேண்டும்? தன் மூச்சையே கடிகாரம் வைத்து எண்ணிப் பார்த்தார். பின்னணியில் இருக்கிற பாறை, ஏரி, மரம் எதுவும் அசையாது. ஆனாலும் ஒவ்வொரு தாளிலும் முதலிலிருந்து வரைந்தாக வேண்டும். அந்த வேலை பக்கத்து வீட்டு மாணவர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் தலையில் விழுந்தது. ஒரே மரத்தை ஆயிரக்கணக்கான தடவை வரைந்த அந்தப் பையனுக்கு ஒரு தனிக் கூட்டம் போடலாம். படத்தைப் பார்த்தால் மரமும் பாறையும் லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் அவர் கை நடுக்கம்.

கெர்ட்டி தயாராகிக்கொண்டிருந்த நாட்களில் ஒருவர் வந்து, கட்டுரை எழுதப்போகிறேன் என்று வேலையை விசாரித்தார். மக்கே எதையும் மறைக்காமல் காட்டினார். வந்தவர் ஜான் ப்ரே. போனவர் அனிமேஷன் முறைகளுக்குக் காப்புரிமை வாங்கி, மக்கே மீதே வழக்கும் போட்டார்! வழக்கில் மக்கே ஜெயித்து, ப்ரேயிடமிருந்து கொஞ்ச காலம் உரிமைத்தொகை வாங்கினார் என்பது ஒரு ஆறுதல்.

ப்ரேயை வில்லனாக்கிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் அது நியாயமில்லை. அதே 1914இல் ஏர்ல் ஹர்ட் என்பவர், அசையும் உருவத்தைக் கண்ணாடி மாதிரியான செல்லுலாய்ட் தாளில் வரைந்து பின்னணிமேல் வைத்தால் போதும் என்று கண்டுபிடித்தார். மரத்தை ஒரே ஒரு தடவை வரைந்தால் போதும். ப்ரேயும் ஹர்ட்டும் சேர்ந்து உரிமத்தொகை வசூலித்தார்கள். 1932 வரை மற்ற ஸ்டூடியோக்கள் அவர்களுக்குக் கப்பம் கட்டின. ஒருவர் உருவம் வரைய, ஒருவர் மை தீட்ட, ஒருவர் படம் பிடிக்க என்று வேலை பிரிந்தது. வாராவாரம் படம் வந்தது. அது இல்லாமல் மிக்கியும் இல்லை. ஒன்று மட்டும் போயிற்று: திரையில் வரைந்தவன் தெரிவது. ரேனோ பின்னால் நின்றார், மக்கே பக்கத்தில் நின்றார், பிளாக்டன் கையை நீட்டினார். ஸ்டூடியோவில் நூறு கை இருந்தும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

இப்போது திரையிடப்போவது எமில் கோல் 1908இல் பாரிஸில் எடுத்த ‘ஃபாண்டஸ்மகோரி’. எழுநூறு படம், இரண்டு நிமிடம்கூட இல்லை. அடியில் விளக்கெரியும் கண்ணாடிமேல் தாளை வைத்து, முந்தைய படத்தைப் பார்த்துப் பார்த்து அடுத்ததை வரைந்தார். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுதான். நெகட்டிவாக அச்சடித்ததால் கரும்பலகையில் சாக்பீஸ் மாதிரித் தெரியும். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. மெழுகுவர்த்தியால் ஒருமுறை தாடியில் தீப்பிடித்தது. 1938 ஜனவரி 20 அன்று இறந்தார். மறுநாள், ஆரம்பகாலத் தந்திரக் காட்சிப் படங்களுக்குப் பேர்போன ஜார்ஜ் மெலியஸ் இறந்தார்.

படத்தில் இரண்டு இடம் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு கை வந்து கோமாளியை வரைகிறது, அது தெரியும். பாதிக்குமேல் கோமாளி மேலேயிருந்து விழுந்து உடைவான். அப்போது நிஜக் கைகள் உள்ளே வந்து அவனை ஒட்டிவிட்டுப் போகும், அவன் எழுந்து தன்பாட்டில் கிளம்பிவிடுவான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், அதனால் இரண்டு தடவை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது? இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன். விளக்கை அணையுங்கள்.