ட்ரிகரைத் திருகியாச்சா? கையை எடுங்கள், முதலில் இதைச் செய்யுங்கள்

வணக்கம் மக்களே. சில்வர் பீச் வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். கொஞ்ச நாளாக ஒரு விஷயம் என் மண்டையைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் பேசிவிடுகிறேன்.

ஒரு குட்டி வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏர் ரைஃபிளின் ட்ரிகர் ஸ்க்ரூவை ரெண்டு சுற்று சுற்றிவிட்டு, “தொட்டாலே வெடிக்கும் பாருங்க” என்று காட்டுகிறார்கள். வீடியோ அதோடு முடிகிறது. திருகின பிறகு என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. கீழே பார்த்தால் நம்ம கடலூர், பாண்டிச்சேரிப் பையன்கள் “நானும் பண்ணிட்டேன் ப்ரோ” என்று வரிசையாகப் போடுகிறார்கள். எனக்குப் பதறுகிறது. தொட்டாலே வெடித்தால் அது பழுது தம்பி, பெருமை இல்லை.

என் ரைஃபிள் உங்களுக்குத் தெரியும், காற்று அடைக்கும் 4.5 மி.மீ. பி.சி.பி. நம்ம ஊர் உப்புக்காற்றில் ட்ரிகர் பிசுபிசுவென்று ஆகியிருந்தது. கழற்றித் துடைத்து மாட்டினேன். மாட்டினால் திரும்ப அட்ஜஸ்ட் செய்தே ஆக வேண்டும், அதற்கு 1.5 மி.மீ. ஆலன் கீ வேண்டும். இங்கேதான் கதை. எந்தக் கடைக்குப் போனாலும் “செட்டாதான் சார் வரும்”. செட் 350 ரூபாய். அதில் இருக்கிற 1.5 சாவி வெல்லம் மாதிரி முனை மழுங்குகிறது. கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. அந்த அண்ணன் ஒரு பழைய டப்பாவைக் கொட்டி, விரலால் துழாவி, ஒத்தைச் சாவியை எடுத்து நீட்டினார். 20 ரூபாய்! கறுப்புச் சாவி, ஆறு விளிம்பும் கூர்மை. ஸ்க்ரூ தலைக்குள் விட்டால் துளி ஆட்டம் கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள் அழகை. இனி செட் வாங்கச் சொல்கிறவர்களிடம் நான் பேசவே போவதில்லை.

சரி, ட்ரிகருக்குள் நடப்பது இதுதான். காற்று வால்வைத் தட்டும் சுத்தியலை ஸ்பிரிங் முன்னே தள்ளுகிறது, சியர் என்கிற சின்னக் கொக்கி அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடிப்பு எவ்வளவு ஆழம் என்பதை ஒரு ஸ்க்ரூ முடிவு செய்கிறது. எடையை, அதாவது ட்ரிகரை எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்பதை, மாற்றுவது வேறு ஸ்க்ரூ. இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து. எடை குறைய வேண்டும் என்று பிடிப்பைக் குறைத்தால், கொக்கி நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும். ஒரு தட்டு போதும், நழுவிவிடும்.

“போட்டிக்காரர்கள் நூறு கிராமில் சுடுகிறார்களே” என்று கேட்பீர்கள். உண்மைதான். கடலூரில் பிறந்த துப்பாக்கி வீராங்கனை இளவேனில் வாலறிவன் ஆடுகிற 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை என்று விதியே இல்லை; ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். ஆனால் அந்த ட்ரிகர் அதற்காகவே செய்தது. சுடும் ரேஞ்சில் பேரல், அதாவது குழல், இலக்கைத் தவிர வேறெங்கும் திரும்பாது. சுடாத நேரத்தில் உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக் நரம்பு பேரல் முழுக்க ஓடியிருக்கும். நம்ம மொட்டைமாடி அப்படியா?

இப்போது டெஸ்ட். முதலில் போல்ட்டை, அதாவது பின்னே இழுத்துத் தள்ளும் தாழ்ப்பாளை, திறந்து திறந்து படபடவென்று வேகமாக மூடுங்கள், பத்துப் பதினைந்து தடவை. ஒரு தடவை சுத்தியல் தானாக விட்டாலும் ஃபெயில்.

ஐயோ, அதற்கு முன்னால் ஒன்று! உள்ளே பெல்லட், அதாவது குண்டு, இல்லை என்று உறுதி செய்யாமல் எதையும் தொடாதீர்கள். மேகசின் வெளியே. முதுநகரில் வலை சாமான் கடையில் தடிமனான ஆரஞ்சு நைலான் நரம்பு கிடைக்கும், அதைப் பேரலுக்குள் விட்டு மறுமுனையில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். பார்த்ததும் எடுத்துவிடுங்கள். பேரல் மணல்மூட்டையைப் பார்த்தபடியே இருக்கட்டும்.

அடுத்தது, பலரும் விட்டுவிடுவது. காக் செய்து, அதாவது சுத்தியலைப் பின்னே இழுத்துக் கொக்கியில் மாட்டி, சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் போடுங்கள். ட்ரிகரை நன்றாக அழுத்துங்கள், விடுங்கள். விரலை முழுக்க வெளியே எடுத்துவிட்டு சேஃப்டியை ஆஃப் செய்யுங்கள். அந்த நொடியில் ‘டப்’ என்று விட்டால், சேஃப்டி போட்டிருக்கும்போதே சியர் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது பார்ப்பதற்கு மட்டும்தான் சேஃப்டி.

அப்புறம் தட்டிப் பார்ப்பது. காக் செய்து, ரைஃபிளின் பின்கட்டையைத் தரையில் விரித்த ரப்பர் பாயில் ஓங்கித் தட்டுங்கள். சேஃப்டி போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை. இதில் மட்டும் பேரல் மணல்மூட்டையை விட்டு மேலே பார்க்கும், முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. வெறும் காற்றே கண்ணைப் பறித்துவிடும். பிறகு படுக்கவைத்து, ரப்பர் சுத்தியால் ரெண்டு பக்கமும் தட்டுங்கள்.

ஸ்பிரிங் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள். பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் போய் மோதி சீலும் ஸ்பிரிங்கும் போகும். பேரலை மடக்கிக் காக் செய்யும்போது சியர் நழுவினால் பேரல் பட்டென்று திரும்பும், விரல் நசுங்கும். மடக்கின பேரலைக் கையை விட்டு விடாதீர்கள். அதன் ட்ரிகரை வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எடை பார்க்க, பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு போதும். ட்ரிகர் நடுவில் மாட்டி மெதுவாக இழுங்கள். பத்து தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். ஒரு தடவை 700 கிராம், அடுத்த தடவை 450 என்று குதித்தால் உள்ளே ஏதோ சரியாக உட்காரவில்லை. என்னுடையது 700 பக்கத்தில் நிற்கிறது, அதற்குக் கீழே நான் போவதில்லை.

எல்லாம் பாஸ் ஆனால் ஸ்க்ரூ தலையிலிருந்து ட்ரிகர் உடம்புவரை நெயில் பாலிஷில் ஒரு கோடு. இதோ, சிவப்பு. கோடு விலகியிருந்தால் ஸ்க்ரூ ஆடியிருக்கிறது. எந்த டெஸ்டில் ஃபெயில் ஆனாலும் பிடிப்பைக் கூட்டிவிட்டு, பாஸ் ஆனதையும் சேர்த்து முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள்.