பொறுத்திருக்கும் நெல்

விழாத் தலைவர் அவர்களே, பாசனச் சங்கப் பெரியவர்களே, சால்வை போர்த்திய மகளிர் குழுத் தாய்மார்களே, மழை மிரட்டியும் பந்தல் போட்ட தம்பிகளே, இன்னும் பேர் சொல்லாமல் விட்ட பெரியோர்களே, வணக்கம்.

இரண்டு சேதி சொல்ல வந்தேன்: வெள்ளம் தாங்கும் மரபணு, வடிகால்.

'பொறுத்தார் பூமியாள்வார், பொங்கினார் காடாள்வார்.' மூழ்கிய சாதாரண நெல் பதறிப்போய், தண்ணீருக்கு மேலே தலைகாட்ட நீளும். சேர்த்த சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, நீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நெல் ரகம் அப்படியல்ல. வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடக்கும். அதன் ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள சப்1ஏ மரபணுதான் காரணம் என்று பமீலா ரொனால்ட், டேவிட் மெக்கில், ஜூலியா பெய்லி-செரஸ் ஆகிய விஞ்ஞானிகளின் குழுவினர் 2006-இல் வெளியிட்டார்கள். கலப்புச் செய்தே அந்தக் குணத்தை ஏற்றி, 2009-இல் சுவர்ணா-சப்1 என்ற ரகம் நம் நாட்டில் வெளியானது. நம் டெல்டாவின் சி.ஆர்.1009 நெல் ரகத்துக்கும் சப்1 வந்தாயிற்று.

எங்கள் மாமா அதை நட்டார். ஐப்பசி மழையில் வயல் மூழ்கியது. நீர் வடிந்தபோது சேறு பூசிய இலைகள் தரையோடு தரையாகக் கிடந்தன. அண்டை வயல்காரர், "உழுதுடு மச்சான், விதைக்காசு போச்சு" என்றார். டிராக்டரும் வரப்போரம் வந்துவிட்டது. அத்தைதான் சேற்றில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை! "உசிரு இருக்கு. டிராக்டரைத் திருப்பு!" டிரைவர் வந்ததற்குக் கூலி கேட்க, அத்தை ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பினார். கொஞ்ச நாளில் குருத்து விட்டது. பொறுத்தார் பூமியாள்வார்!

ஆனால் சப்1 நெல்லும் முழுக்க மூழ்கிக் கிடந்தால் ஏறத்தாழ இரண்டு வாரந்தான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் நீர் வடிய வேண்டாமா? நம் வடிவாய்க்காலைப் பாருங்கள்: ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்து, ஆடு நடந்து போகிறது! மனு மேல் மனு கொடுத்தாயிற்று. செடி பொறுக்கலாம், நாம் ஏன் பொறுக்க வேண்டும்? இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழமொழியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு மதகடிக்கு மண்வெட்டி, அரிவாளோடு வந்துவிடுங்கள். டீ, வடை தலைவர் செலவு. அவருக்கே இப்போதுதான் தெரியும்.