குருதியில் குறைந்தது எப்போது?

அவைத் தலைவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

வைரஸ் காய்ச்சலோடு மருத்துவமனையில் படுத்திருப்பவர்களின் இரத்தத்தை எடுத்து வைட்டமின் அளவைப் பார்த்தால், பலருக்கு அது குறைந்தே இருக்கும். கண்டவுடன், வைட்டமின் குறைந்ததால்தான் நோய் முற்றியது என்று சொல்லிவிடத் தோன்றும். நோய் வந்ததால் வைட்டமின் குறைந்திருக்கலாம் என்பது அவ்வளவு விரைவில் தோன்றுவதில்லை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது இந்த முன்பின் சிக்கலைத்தான்.

வைட்டமின் ஏ-யை எடுத்துக்கொள்வோம். கல்லீரலில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் இச்சத்து, ரெட்டினால் என்னும் வடிவில், அதைச் சுமப்பதற்கென்றே அமைந்த ஒரு புரதத்தின் துணையோடுதான் இரத்தத்தில் இறங்குகிறது. உடலில் அழற்சி தொடங்கியதும் கல்லீரல் அந்தப் புரதத்தை வெளியிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. கடும் தொற்றின்போது சிறுநீர் வழியாகவும் ரெட்டினால் கழிகிறது. கிடங்கில் நெல் இருந்தும் வண்டி ஓடாததால் கடையில் அரிசி இல்லாமற் போவதைப் போல, கல்லீரலில் இருப்பு இருக்கும்போதே இரத்தத்தில் அளவு விழுந்துவிடுகிறது. எனவே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் நாளில் அளந்த எண், அந்தக் குழந்தை காய்ச்சலுக்கு முன் எப்படி இருந்தது என்பதை நமக்குச் சொல்லாது.

அப்படியானால் அறிவது எப்படி? கொடுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். 1932-இல் லண்டனில் எல்லிசன் என்ற மருத்துவர், தட்டம்மை கண்ட 600 குழந்தைகளில் பாதிப்பேருக்கு வைட்டமின் ஏ-யும் டி-யும் செறிந்த மருந்தைக் கொடுத்தார். கொடுத்த 300 பேரில் 11 குழந்தைகளும், கொடுக்காத 300 பேரில் 26 குழந்தைகளும் இறந்தனர். நம் ஊர்களில் மணல்வாரி என்று சொல்லும் இந்த அம்மை, மூச்சுக்குழலிலும் குடலிலும் உள்ள மேல்தோலைச் சிதைக்கிறது. அந்த மேல்தோலைப் பழுதுபார்க்க வேண்டிய சத்தே வைட்டமின் ஏ. ஆனாலும் எல்லிசனின் முடிவை மருத்துவ உலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குக் கவனிக்காமலே விட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நமக்கு மிக அருகில் நடந்த ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, 1990-இல் முடிவை வெளியிட்டனர். ஐந்து வயதுக்கு உட்பட்ட அந்தக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் 8,333 அலகு வைட்டமின் ஏ கிடைத்தது. மற்றப் பிரிவினருக்கு வைட்டமின் ஏ இல்லாத மருந்து கிடைத்தது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் தவறாமல் உண்ணும் குழந்தைக்கு உணவிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவுதான் அந்த 8,333 அலகு. முடிவில் வைட்டமின் பெற்ற பிரிவில் இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. அதே குழு மறு ஆண்டு வெளியிட்ட கட்டுரையோ இன்னும் கூர்ந்து படிக்க வேண்டியது: வயிற்றுப்போக்கும் மூச்சுத் தொற்றும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்திருந்தன. அதாவது நோய் வருவது குறையவில்லை. வந்த நோய் உயிரைக் கொண்டுபோவதுதான் குறைந்தது. இரத்த அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இந்த வேறுபாடு நம் கண்ணில் பட்டிருக்குமா?

கொரோனா காலத்தில் வைட்டமின் டி-க்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. நோய் கடுமையானவர்களிடம் டி குறைவு என்று 2020-இல் கட்டுரைகள் குவிந்தன; மருந்துக்கடைகளில் மாத்திரைகள் தீர்ந்தன. பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரில் 240 உள்நோயாளிகளைக் கொண்டு சோதனை நடந்தது. அவர்களில் ஒரு பாதியினருக்கு ஒரே வேளையில் 2 லட்சம் அலகு டி கொடுத்தார்கள். அவர்களுடைய இரத்தத்தில் அளவு நன்றாகவே உயர்ந்தது. மருத்துவமனையில் தங்கிய நாட்கள் மட்டும் குறையவில்லை. பிரிட்டனில் ஏறத்தாழ 6,200 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையிலும், டி குறைவானவர்களைக் கண்டறிந்து மாத்திரை தந்தும், கொரோனா வருவது குறையவில்லை. டி-யால் எந்தப் பயனும் இல்லை என்று இதற்குப் பொருளன்று. எலும்புக்கு அது வேண்டியதே. காய்ச்சற்காரரிடம் கண்ட குறைவைக் காரணமென்று கொண்டதுதான் பிழை.

இந்தப் பாடம் களப்பணிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2016 முதல் 2018 வரை இந்தியா முழுவதும் நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ரெட்டினாலோடு, அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் அளந்தார்கள். அந்தப் புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்த குழந்தைகளை வைட்டமின் ஏ கணக்கிலிருந்து விலக்கினார்கள். அவ்வாறு விலக்கிய பிறகும் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளில் 18 விழுக்காட்டினருக்குப் பற்றாக்குறை இருந்தது.